அட்லாண்டா விமானத்தில் எழுதிய நிரல்

பொருள்நோக்கு நிரலாக்கத்துக்கான ஊப்ஸ்லா மாநாடு 1997ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் நடந்தது. அதில் கலந்துகொள்ள சூரிக்கிலிருந்து ஒரே விமானத்தில் புறப்பட்டார்கள் கென்ட் பெக்கும் எரிக் காமாவும். பெக் ஸ்மால்டாக் மொழியில் ஊறியவர். எழுதிய நிரலைச் சோதித்துப் பார்க்க அந்த மொழியில் சின்னஞ்சிறு கருவி ஒன்றை முன்பே செய்து வைத்திருந்தார். காமா மென்பொருள் வடிவமைப்பு பற்றிய ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ புத்தகத்தை எழுதிய நால்வரில் ஒருவர். ஜாவா அப்போது புதிய மொழி; கையில் நீண்ட பயணம் இருந்தது. பெக்கின் கருவியை ஜாவாவுக்குக் கொண்டுவரும் வேலையை இருவரும் விமானத்திலேயே தொடங்கினார்கள். ஜேயூனிட்டின் முதல் வடிவம் அந்தப் பயணத்தில்தான் உருவானது.

இந்தக் கதையைப் பதிவு செய்த மென்பொருள் நூலாசிரியர் மார்ட்டின் ஃபவுலர் இன்னும் இரண்டு விவரங்களைச் சேர்த்துச் சொல்கிறார். ஒன்று, இருவரும் சேர்ந்து உட்கார்ந்தே அந்த நிரலை எழுதினார்கள். மற்றொன்று, டெஸ்டை முதலில் எழுதிவிட்டு, அது தேறும் அளவுக்கு மட்டும் நிரலைப் பிறகு எழுதினார்கள். டெஸ்ட் எழுதுவதற்கான கருவியே டெஸ்டுகளைப் பிடித்துக்கொண்டுதான் வளர்ந்தது. பெக்கின் வேலைமுறையை காமா கற்றுக்கொண்டது எந்த உரையையும் கேட்டு அல்ல. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கூடவே எழுதிக் கற்றுக்கொண்டார்.

அந்தக் கருவி அளவில் மிகச் சிறியது. ஆனால் அது மாற்றிய பழக்கம் பெரியது. அன்றைய பல நிறுவனங்களில் சோதனை என்பது தனிப் பிரிவின் வேலை. நிரலை எழுதி முடித்து வாரக்கணக்கில் ஆன பிறகு பிழைப் பட்டியல் திரும்பி வரும். எந்த நினைப்பில் அந்த வரியை எழுதினோம் என்பது அதற்குள் எழுதியவருக்கே மறந்திருக்கும். தாங்களே சோதித்துப் பார்த்தவர்களும் மாறிகளின் மதிப்பைத் திரையில் அச்சிட்டு, கண்ணால் ஓட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்கள். ஜேயூனிட்டில் எதிர்பார்க்கும் விடையையும் நிரலாளரே எழுதி வைத்துவிடுகிறார். கணினி ஒப்பிட்டுப் பார்க்கிறது. எல்லாம் சரியென்றால் பச்சைப் பட்டை, ஒன்று தவறினாலும் சிவப்புப் பட்டை. நிரல் எழுதும் அதே மொழியில்தான் டெஸ்டும் எழுத வேண்டும் என்பதால் புதிதாகப் படிக்க எதுவும் இல்லை. விடை சில நொடிகளில் கிடைத்தது. அதனால் ஒரு நாளில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்க முடிந்தது.

டெஸ்டை முதலில் எழுதும் யோசனைக்குப் பெக் உரிமை கொண்டாடுவதில்லை. சிறு வயதில் அவர் படித்த பழைய நிரலாக்கப் புத்தகம் ஒன்றில் ஒரு வழி சொல்லியிருந்ததாம். உள்ளீட்டு நாடாவை எடுத்துக்கொள். வெளியே என்ன வர வேண்டுமோ அதை நீயே கையால் தட்டச்சு செய்து இன்னொரு நாடா தயார் செய். இயந்திரம் தரும் நாடா அதோடு பொருந்தும்வரை நிரலை எழுது. ஸ்மால்டாக் கருவியைச் செய்து முடித்த பிறகு அது நினைவுக்கு வர, செய்து பார்த்திருக்கிறார். பழைய தலைமுறை நிரலாளர்களிடம் இதைச் சொன்னால், இப்படித்தானே எழுத வேண்டும், வேறெப்படி எழுதுவது என்று கேட்கிறார்களாம். ஆகவே தான் கண்டுபிடித்ததாகச் சொல்லாமல், மறுபடி கண்டெடுத்ததாகவே சொல்கிறார். பழைய புத்தகங்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் புரட்டுவது எவ்வளவு பயனுள்ளது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

ஜேயூனிட்டின் வழிவந்தவை ஏறக்குறைய எல்லா மொழிகளிலும் இருக்கின்றன. பைத்தான் மொழியோடு சேர்ந்தே வரும் யூனிட்டெஸ்ட் தொகுதி 2001இல் 2.1ஆம் பதிப்பில் இடம்பிடித்தது. பைத்தானில் சொற்களை அடிக்கோடு போட்டுப் பிரிப்பதுதான் வழக்கம். ஆனால் அந்தத் தொகுதியில் செட்அப், டேர்டவுன், அசர்ட்ஈக்வல் என்ற பெயர்கள் ஜாவா பாணியில் நடுவில் பெரிய எழுத்தோடு நிற்கும். வழக்கத்தோடு பொருந்தாத பெயர்களைப் பார்த்துக் குழம்பும் புதியவர்கள், அவை ஜேயூனிட்டின் வழியில் வந்தவை என்று தெரிந்துகொள்ளலாம். ஒரு கருவியின் வரலாறு தெரிந்தவருக்கு அதன் விநோதங்கள் மனப்பாடச் சுமையாக இருப்பதில்லை.

எல்லாக் கருவிகளும் இப்படிப் பரவிவிடுவதில்லை. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஜான்சனின் மாணவர்களான ஜான் பிராண்டும் டான் ராபர்ட்ஸும் ஸ்மால்டாக்குக்காக ரீஃபாக்டரிங் கருவி, அதாவது நிரலின் செயல் மாறாமல் அதன் வடிவத்தை மட்டும் சீரமைக்கும் கருவி, ஒன்றைச் செய்தார்கள். ஒரு மெத்தடின் பெயரை மாற்றினால், அதை அழைக்கும் எல்லா இடங்களிலும் கருவியே பிழையில்லாமல் மாற்றித் தரும். இன்று பல எடிட்டர்களில் இருக்கும் வசதி, அன்று அதிசயம். ஆனாலும் முதல் பதிப்பை ஏறக்குறைய யாரும் பயன்படுத்தவில்லை. செய்தவர்களே பயன்படுத்தவில்லை என்று பிறகு எழுதினார்கள். முக்கியக் காரணம்: அது தனியாகத் திறக்க வேண்டிய கருவியாக இருந்தது. நிரல் எழுதும் சாளரத்தை விட்டு எழுந்து போய், மாற்றிவிட்டுத் திரும்பி வர வேண்டும். ஸ்மால்டாக்காரர்கள் நிரலைப் படிக்கவும் எழுதவும் நாள் முழுவதும் திறந்து வைத்திருக்கும் பிரவுசருக்குள்ளேயே அதே வசதியைச் சேர்த்ததும் நிலைமை மாறிவிட்டது. எக்லிப்ஸ், இன்டெலிஜே போன்றவை பிற்பாடு இந்த வசதியை ஜாவாக்காரர்களின் அன்றாடப் பழக்கமாக்கின.

மாநாட்டிலிருந்து புதுக் கருவி ஒன்றோடு திரும்பும் டெவலப்பர் அலுவலகத்தில் முதலில் செய்ய வேண்டியது இங்கே தெளிவாகிறது. குழுவைக் கூட்டி அதன் அருமை பெருமைகளை விளக்குவதால் பெரிதாக ஒன்றும் நடக்காது. சக ஊழியர்கள் ஏற்கெனவே தட்டும் விசையில், ஏற்கெனவே ஓடும் பில்டில், ஏற்கெனவே பார்க்கும் திரையில் அந்தக் கருவியைப் பொருத்த வேண்டும். பொருத்த முடியாத கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஒரு மாதத்தில் அதைப் பயன்படுத்துகிறவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

ஊப்ஸ்லாவின் வரலாற்றில் பெரிய காரியங்கள் பல மேடைக்கு வெளியேதான் தொடங்கின. ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ புத்தகமே அப்படித்தான். 1990இல் கனடாவின் ஒட்டாவாவில் நடந்த மாநாட்டில், ஒத்த ஆர்வம் உள்ளவர்கள் தாங்களாகவே கூடிப் பேசும் அமர்வு ஒன்றில் எரிக் காமாவும் ரிச்சர்ட் ஹெல்மும் சந்தித்தார்கள். ரால்ஃப் ஜான்சனும் ஜான் விலிசிடஸும் பிறகு சேர்ந்துகொண்டார்கள். 1994இல் போர்ட்லாந்தில் ஊப்ஸ்லா நடந்தபோது புத்தகம் வெளிவந்தது. நான்கு ஆண்டு உழைப்புக்கு விதை, நிகழ்ச்சி நிரலில் முக்கிய இடம் பெறாத ஒரு கூடுகை.

ஹாரிசன் ஓவன் என்ற அமெரிக்கர் 1980களில் ஒரு மாநாட்டை ஓராண்டு உழைத்து ஏற்பாடு செய்தார். வந்தவர்கள் எல்லோரும் தேநீர் இடைவேளைகளைத்தான் பாராட்டினார்கள். அடுத்த முறை இடைவேளையையே மாநாடாக்கிவிட்டார். வருகிறவர்களே தலைப்பைச் சுவரில் ஒட்டி, விருப்பமானவர்களோடு உட்கார்ந்து பேசும் ‘ஓப்பன் ஸ்பேஸ்’ முறை அப்படித்தான் வந்தது. பைத்தான் மொழிக்கான பைகான் போன்ற மாநாடுகள் பல இன்று இதற்கென அறைகளும் பலகையும் ஒதுக்குகின்றன. உரைகளின் வீடியோ பெரும்பாலும் சில வாரங்களில் இணையத்துக்கு வந்துவிடும்; ஒரே இடத்தில் கூடிய அந்த மனிதர்கள் மறுபடி கிடைக்க மாட்டார்கள். எனவே எல்லா அமர்வுகளுக்கும் ஓடுவதை விட்டு, ஒரு நாளுக்கு இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுத்து, மீதி நேரத்தைப் பேச்சுக்கு வைத்துக்கொள்வது நல்லது. கையில் ஒரு கேள்வியும், அதைக் காட்டும் அளவுக்குச் சிறிய நிரல் துண்டும் மடிக்கணினியில் தயாராக இருந்தால், முன்பின் தெரியாத வல்லுநர்கூட பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். ‘உங்கள் உரை அருமை’ என்று தொடங்கும் உரையாடல் கைகுலுக்கலோடு முடிந்துவிடுகிறது. ‘இந்த டெஸ்ட் சில சமயம் மட்டும் ஏன் தவறுகிறது’ என்று தொடங்குவது மதிய உணவுவரை நீள்கிறது.

பைகானில் இன்னொரு நல்ல வழக்கமும் உண்டு. உரைகள் முடிந்த பின் சில நாட்கள் ‘ஸ்பிரிண்ட்’ நடக்கும். திறமூலத் திட்டங்களைப் பராமரிப்பவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து, நிரலை இறக்கி, ஓட்டி, ஒரு சிறு பிழையைத் திருத்தி அனுப்பலாம். 2019இல் பைகான் இந்தியா சென்னை வர்த்தக மையத்தில் நடந்தபோதும் உரைகளுக்குப் பின் ஸ்பிரிண்ட் இருந்தது. விடுப்பு கிடைக்காது, பயணச்சீட்டு எடுத்தாயிற்று என்று உரைகள் முடிந்ததும் கிளம்புகிறவர்கள், விமானத்தில் காமாவுக்குக் கிடைத்த வகைப் பாடத்தைத்தான் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

உரைகளைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு வழி உண்டு. புதுத் தொழில்நுட்ப அறிமுகங்களைவிட, ஒரு குழு உண்மையில் செய்து பார்த்ததைச் சொல்லும் அனுபவ அறிக்கைகளுக்கு முன்னுரிமை தரலாம். 1992இல் வான்கூவரில் நடந்த ஊப்ஸ்லாவில் வார்ட் கன்னிங்ஹாம் என்ற நிரலாளர் அளித்தது அப்படி ஓர் அறிக்கை. முதலீடுகளை நிர்வகிக்கும் வைகேஷ் என்ற மென்பொருளை எப்படிக் கட்டினோம் என்பதுதான் பொருள். அதன் நடுவே, முதல் முறையிலேயே முழுமை பெறாத நிரலை வெளியிடுவது கடன் வாங்குவது போல என்றார். சிறு கடன் வேலையை வேகப்படுத்தும், திருத்தி எழுதி உடனுக்குடன் அடைத்தால். அடைக்காவிட்டால் ஒவ்வொரு நாளும் வட்டி ஏறும். இன்று உலகம் முழுக்க மேலாளர்கள் சொல்லும் ‘டெக்னிக்கல் டெட்’ அங்கிருந்துதான் கிளம்பியது.

அந்தப் பேச்சு பரவிய விதத்தில் மூலக் கருத்து தேய்ந்துபோயிற்று. அவசரத்தில் மோசமாக எழுதிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கான அனுமதியாகவே பலர் எடுத்துக்கொண்டார்கள். தான் அப்படிச் சொல்லவில்லை என்று கன்னிங்ஹாம் பிற்பாடு விளக்கினார். இன்றைக்குப் பிரச்சினையை எவ்வளவு புரிந்துகொண்டிருக்கிறோமோ அதை நேர்மையாகப் பிரதிபலிக்கும் சுத்தமான நிரலை எழுத வேண்டும். நாளை புரிதல் வளரும்போது அதற்கேற்ப நிரலை மாற்ற வேண்டும். இந்த இரண்டு புரிதல்களுக்கும் இடையே விழும் இடைவெளிதான் அவர் சொன்ன கடன். குப்பையாக எழுதிய நிரலில் அந்த மாற்றத்தைச் செய்யவே முடியாது என்பதால், கடனை அடைக்கும் வழியும் அடைபட்டுப்போகும். மேடையில் கேட்ட ஒரு சொல்லை அலுவலகத்தில் கையாளத் தொடங்குமுன், சொன்னவரின் மூல அறிக்கையை ஒரு தடவை படித்துவிடுவது நல்லது. கன்னிங்ஹாமின் அறிக்கை சில பக்கங்கள்தான்.

மென்பொருள் வடிவமைப்பில் திரும்பத் திரும்பப் பயன்படும் தீர்வுகளான பேட்டர்ன்களைப் பற்றிய தனி மாநாடு 1994இல் இல்லினாயின் ஆலர்டன் பூங்காவில் தொடங்கியது. ப்ளாப் என்பது அதன் பெயர். அங்கே கட்டுரைகளை மேடையேறி உரையாக நிகழ்த்துவதில்லை. கவிஞர்கள் தங்கள் கவிதைகளைச் செப்பனிட நடத்தும் பட்டறை முறையை ரிச்சர்ட் கேப்ரியல் என்ற கணினி அறிஞர் அங்கே கொண்டுவந்தார். கட்டுரையை எல்லோரும் முன்பே படித்துவிட்டு வட்டமாக உட்காருவார்கள். எழுதியவர் ஒரு சிறு பத்தியை மட்டும் வாசிப்பார். அதன் பிறகு அவர் வாய் திறக்கக் கூடாது. அவர் அங்கே இல்லாதது போலவே மற்றவர்கள் பேசுவார்கள்: முதலில் கட்டுரை என்ன சொல்கிறது என்று தங்களுக்குள் சுருக்கிச் சொல்லிக்கொள்வது, அடுத்து எது நன்றாக இருக்கிறது என்பது, கடைசியாக எதை எப்படி மேம்படுத்தலாம் என்பது. எல்லாம் முடிந்த பிறகே எழுதியவர் தமக்குப் புரியாததைக் கேட்கலாம். தம் எழுத்துக்காக வாதாட அவருக்கு இடமில்லை.

இதை அப்படியே கோட் ரிவியூவுக்குக் கொண்டுவரலாம். பெரிய மாற்றம் ஒன்றைக் குழுவாகப் பார்க்கும்போது மிகவும் உதவும். வழக்கமான ரிவியூவில் எழுதியவர் ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டே போவார். கேட்பவர்களுக்கு நிரல் புரிந்ததா, அவருடைய விளக்கம் புரிந்ததா என்று பிரித்துப் பார்க்க வழியிருக்காது. அவரை அரை மணி நேரம் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, மற்ற இருவரை அந்த நிரல் என்ன செய்கிறதென்று சொல்லச் சொன்னால் உண்மை வெளிப்பட்டுவிடும். அவர்கள் எங்கே தடுமாறுகிறார்களோ அங்கே பெயர் சரியில்லை, அல்லது ஒரு மெத்தடுக்குள் இரண்டு வேலை இருக்கிறது. ஆறு மாதம் கழித்து வேறொருவர் அதே இடத்தில்தான் தடுமாறுவார். விளக்கம் சொல்ல எழுதியவர் அப்போது பக்கத்தில் இருக்க மாட்டார். பேசும் வரிசை மாறக் கூடாது என்பது முக்கியம். குறைகளுக்கு முன் நல்லதைச் சொல்ல வேண்டும் என்பதை மரியாதைக்கான சடங்காக நினைத்துத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. திருத்தி எழுதும்போது எதைக் கலைக்கக் கூடாது என்று எழுதியவருக்குத் தெரிய வேறு வழி ஏது?

நல்ல பழக்கங்கள் திட்டத்தைக் காப்பாற்றிவிடும் என்ற உத்தரவாதமும் கிடையாது. கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் சம்பளப் பட்டியல் மென்பொருளைச் சீர்செய்ய 1996இல் பெக்கை அழைத்தார்கள். இருந்த நிரலை ஓரங்கட்டி முதலிலிருந்து தொடங்க அவர் யோசனை சொன்னார். ரான் ஜெஃப்ரிஸ் பயிற்சியாளராகக் கூட இருந்தார். டெஸ்ட் முதலில், இருவர் சேர்ந்து எழுதுவது, சிறுசிறு வெளியீடுகள் எல்லாம் சேர்ந்து ‘எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்’ என்ற முறையாக அங்கேதான் வடிவம் பெற்றது. 1997இல் சுமார் 10,000 பேருக்கு அந்த மென்பொருள் சம்பளம் கணக்கிடத் தொடங்கியது. மற்ற ஊழியர்களுக்கும் விரிவதற்கு முன்பே, 2000 பிப்ரவரியில் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். முறையின் ஆதரவாளர்கள் இந்த முடிவை மறைக்காமல் சொல்ல வேண்டும். எதிர்ப்பாளர்கள் இதை மட்டுமே சொல்வதும் சரியில்லை.

டெஸ்டை முதலில் எழுதும் பழக்கத்தின் பலனை அளந்து பார்த்த ஆய்வும் இருக்கிறது. நாச்சியப்பன் நாகப்பனும் சக ஆய்வாளர்களும் மைக்ரோசாஃப்டின் மூன்று குழுக்களையும் ஐபிஎம்மின் ஒரு குழுவையும் ஆராய்ந்து 2008இல் முடிவுகளை வெளியிட்டார்கள். டெஸ்டை முதலில் எழுதிய குழுக்களின் மென்பொருளில், வெளியீட்டுக்கு முந்தைய பிழை அடர்த்தி ஒப்பிடத்தக்க மற்ற குழுக்களைவிட 40 முதல் 90 சதவீதம்வரை குறைந்திருந்தது. தொடக்க நிலையில் வேலை நேரம் 15 முதல் 35 சதவீதம் கூடியதாகக் குழுத் தலைமைகள் மதிப்பிட்டன. மேலாளரிடம் இந்த முறைக்கு அனுமதி கேட்கிறவர் இரண்டு எண்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கூடுதல் நேரத்தை மறைத்துப் பெற்ற அனுமதி முதல் கெடு தவறும்போதே பறிபோய்விடும்.

எதிர்க்குரல் மேடையிலிருந்தே வந்தது. 2014இல் சிகாகோவில் நடந்த ரெயில்ஸ்கான்ஃபில், இணையச் செயலிகளை எழுத உதவும் ரெயில்ஸ் கட்டமைப்பை உருவாக்கிய டேவிட் ஹைன்மைர் ஹான்சன், டெஸ்டை முதலில் எழுதும் வெறி நிரலின் வடிவத்தையே கெடுக்கிறது என்று தாக்கினார். பெக்கும் ஃபவுலரும் கோபித்துக்கொள்ளவில்லை. மூவரும் இணையவழியில் தொடர்ச்சியாக உரையாடிப் பதிவு செய்தார்கள். மாற்றுக் கருத்துள்ளவர்கள் ஒருவரையொருவர் திருத்திக்கொள்ளும் அந்த உரையாடல்களைத் தொழிலில் உள்ள எல்லோரும் ஒருமுறை பார்க்கலாம்.

பெக்கின் அனுபவமும் அதற்குள் விரிந்திருந்தது. 2011இல் ஃபேஸ்புக்கில் சேர்ந்தவர், அங்கிருப்பவர்களுக்கு டெஸ்ட் முதல் முறையைக் கற்றுத்தர வகுப்பு அறிவித்தார். ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். அவர்கள் எப்படித்தான் வேலை செய்கிறார்கள் என்று கற்றுக்கொள்ள உட்கார்ந்தார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கோட் ரிவியூ இருந்தது. புதிய பதிப்பு முதலில் ஊழியர்களுக்கும், அடுத்துப் பயனர்களில் ஒரு சிறு பங்கினருக்கும், கடைசியில்தான் எல்லோருக்கும் போனது. செய்தது தவறா என்று சீக்கிரம் தெரிந்துகொள்வதற்கான வேறொரு வழி அது. மாநாட்டில் கேட்ட முறையை நம் குழுவுக்குக் கொண்டுவருமுன் கேட்க வேண்டியது இதுதான்: தவறு நேர்ந்தால் இப்போது எவ்வளவு நேரத்தில் தெரியவருகிறது, புது முறை அந்த நேரத்தைக் குறைக்குமா? சம்பளம் கணக்கிடும் மென்பொருளில் ஒரு சிலருக்கு மட்டும் தவறாகக் கொடுத்துப் பரிசோதிக்க முடியாது. அங்கே டெஸ்டுதான் வழி. படம் பகிரும் பக்கத்தில் இன்னொரு வழியும் உண்டு.

எரிக் காமா இதே கேள்விக்கு இன்னொரு விதத்தில் விடை கண்டார். 2011இல் மைக்ரோசாஃப்டில் சேர்ந்து சூரிக்கில் அவர் தொடங்கிய எடிட்டர் வேலைதான், 2015 ஏப்ரலில் அந்நிறுவனத்தின் பில்டு மாநாட்டில் விஎஸ் கோடாக அறிமுகமானது. அந்த எடிட்டரை எழுதுகிறவர்கள் அந்த எடிட்டரிலேயே, அதுவும் எல்லோருக்குமான வெளியீட்டுக்கு முந்தைய அன்றன்றைய பதிப்பிலேயே வேலை செய்கிறார்கள். காலையில் நுழைந்த பிழை மறுநாள் அவர்கள் கையையே கடிக்கும். தன் பொருளைத் தானே பயன்படுத்த வாய்ப்புள்ள எந்தக் குழுவுக்கும் செலவில்லாமல் கிடைக்கும் சோதனை இது.

2018இல் நார்வேயில் நடந்த ஒரு கோட் முகாமில் பெக் இன்னொன்றை முயன்று பார்த்தார். டெஸ்டுகள் தேறினால் உடனே தானாகக் கமிட் ஆக வேண்டும் என்று யோசனை சொல்லியிருந்தார். அப்படியென்றால் தவறினால் எழுதியதெல்லாம் தானாக அழிய வேண்டும் என்றார் அங்கிருந்த ஆட்மண்ட் ஸ்ட்ரோமே. பெக்குக்கு அந்த யோசனை துளியும் பிடிக்கவில்லை; பிடிக்காததாலேயே செய்து பார்த்தார். இப்போது டிசிஆர் (டெஸ்ட், கமிட், ரிவெர்ட்) என்று வழங்கும் முறை அதுதான். பத்து நிமிடம் எழுதியது ஒரு நொடியில் காணாமல் போகும் அனுபவத்துக்குப் பிறகு கை தானாகவே சிறுசிறு மாற்றங்களுக்குப் பழகிவிடுகிறது.

செய்து பார்க்க விரும்புகிறவர் அலுவலகத் திட்டத்தில் தொடங்க வேண்டாம். சில நொடிகளில் ஓடி முடியும் டெஸ்டுகள் உள்ள ஒரு சிறு நிரல் போதும். டெஸ்ட் கட்டளை, அது வென்றால் கிட் கமிட், தோற்றால் கிட் ரீசெட் ஹார்டு என்று ஒரு வரி ஸ்கிரிப்ட் எழுதி, எடிட்டரில் கோப்பைச் சேமிக்கும் விசையோடு அதை இணைத்துக்கொள்ளலாம். டெஸ்ட் கோப்புகளை அழிவிலிருந்து விலக்கி, மூல நிரலை மட்டும் திரும்பப் பெறும்படி அமைத்தால் தொடக்கத்தில் எரிச்சல் குறையும். கமிட் வரலாறு நூற்றுக்கணக்கான துண்டுகளாகச் சிதறியிருக்கும். பொதுக் கிளைக்கு அனுப்புமுன் அவற்றை ஒன்றாகச் சேர்த்து ஒழுங்கான குறிப்பு எழுதிவிட வேண்டும்.